எட்டு வயதில் தெரிந்தது

டெக்ஸாமெத்தசோன் ஊசி மருந்தைக் கையில் எடுக்காத நர்ஸ் நம் ஊரில் இருக்க மாட்டார். ஆஸ்துமா, ஒவ்வாமை, மூளை வீக்கம் என்று எதற்கும் அவசரத் தட்டில் அந்தச் சின்னக் குப்பி தயாராக இருக்கும். ஸ்டீராய்டு வகை மருந்து, டெக்ஸா என்றுதான் சொல்வோம். ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். பெரியவர்களுக்கு அப்படியே உறிஞ்சிப் போட்டுவிடலாம். பச்சிளங்குழந்தை வார்டில் அது நடக்காது. 900 கிராம் குழந்தைக்கு அன்றைய கணக்கில் ஒரு வேளைக்குக் கால் மில்லிகிராம்கூட வராது. குப்பியிலிருந்து 1 மில்லி எடுத்து, 10 மில்லியாகக் கலந்து, அதிலிருந்து அரை மில்லிக்குச் சற்றே கூடுதலாக மெல்லிய சிரிஞ்சில் எடுப்போம். பக்கத்தில் இருக்கும் சிஸ்டரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் குழந்தையிடம் போவோம். இத்தனை கவனமாக அளந்து போட்ட மருந்து, நாங்கள் அளக்காத ஓர் இடத்தில் என்ன செய்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

1990களின் நடுப்பகுதி. சென்னையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் குழந்தைகளுக்கான வென்டிலேட்டர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. நுரையீரலுக்குள் ஊற்றும் சர்ஃபாக்டன்ட் மருந்து வெளிநாடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. எங்களிடம் வந்த குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. அந்தச் சமயத்தில்தான் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பனிக்குடம் உடைந்து, வாடகை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். லேபர் வார்டுக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே பிரசவம். 27 வாரம். ஆண் குழந்தை, ஒரு கிலோவுக்கும் கீழே.

குறைமாதக் குழந்தை மூச்சுக்குப் போராடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போகும். மூச்சை வெளியே விடும்போது ஒரு முனகல். காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க அந்தச் சின்ன உயிர் தானாகக் கண்டுபிடித்த வழி அது. நனைந்த பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதுபோல அதன் காற்றறைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாமல் காக்கிற வழவழப்பான பொருளான சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு சுரக்கக் கிட்டத்தட்ட 34 வாரம் ஆக வேண்டும். அது போதாததால்தான் இந்தக் குழந்தைகள் இறக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் 1959இல் எழுதிவிட்டார்கள். ஆனாலும் 1963இல் ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்கூட முழுதாக வாழாமல் இறந்தான். காரணம் தெரிந்தும் அப்போது வைத்தியம் இல்லை.

ஆற்காட்டுக் குழந்தையை வென்டிலேட்டரில் போட்டோம். முதல் வாரம் பிழைத்தான். இரண்டாவது வாரமும் பிழைத்தான். ஆனால் மெஷினை விட்டு வர முடியவில்லை. இதுதான் அந்த நோயின் கொடுமை. மெஷினின் அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கும். புண்ணான நுரையீரலுக்கு இன்னும் அதிக அழுத்தம் வேண்டும், இன்னும் அதிக ஆக்சிஜன் வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் நார்த்வேயும் அவருடன் இருந்தவர்களும் 1967இல் இதை விவரித்து பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் பி.பி.டி. என்போம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள் படர்ந்திருக்கும். பார்த்ததும் மனசு கனத்துவிடும்.

குழந்தையின் பாட்டி வார்டு வாசலிலேயே கிடந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து வருவார். "ஏம்மா சிஸ்டரு, கொயந்த தானா மூச்சு உட்றானா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்றால், "ஏயாம் மாசக் கொயந்த தங்கும்மா, எட்டாம் மாசக் கொயந்ததான் தங்காது" என்று எனக்கே தைரியம் சொல்வார். மருத்துவம் சொல்வது அதற்கு நேர் எதிர். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஆனால் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் மறுத்துப் பேசியதில்லை.

மூன்றாவது வாரத்தில் பெரிய டாக்டர் டெக்ஸா எழுதினார். அன்று உலகம் முழுக்க எழுதிய அளவு அது. கிலோவுக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராமில் தொடங்கி, மெல்லமெல்லக் குறைத்து, வாரக்கணக்கில் கொடுப்பது. 42 நாள் கொடுத்தால் 18 நாளைவிட நல்லது என்று 1989இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. புண்ணான நுரையீரலின் வீக்கத்தை அந்த மருந்து வடியவைக்கும். அது வடிவதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் நாள் இரவு டியூட்டியில் ஆக்சிஜன் அளவைத் திருகித் திருகிக் குறைத்துக்கொண்டே வந்தேன். குழந்தையின் நிறம் மாறவே இல்லை, இளஞ்சிவப்பாகவே இருந்தான். அந்த வாரத்திலேயே டியூபை எடுத்தார்கள். தொண்டை கட்டிய குரலில் முதன்முதலாக அழுதான். டியூப் இருக்கும்வரை இந்தக் குழந்தைகள் அழுதாலும் சத்தம் வெளியே வராது, முகம் மட்டும்தான் அழும். பாட்டி கதவிடுக்கில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

இதைப் பார்த்த எந்த நர்ஸும், எந்த டாக்டரும் அந்த மருந்தை நம்பாமல் இருக்க முடியாது. தொல்லைகளும் இருந்தன. சர்க்கரை ஏறும். ரத்த அழுத்தம் ஏறும். வயிற்றுக் குழாயில் கறுத்த ரத்தம் வரும். எடை ஒரு வாரம் அப்படியே நின்றுவிடும். கிருமித் தொற்று எப்போது வருமோ என்று பயந்துகொண்டே இருப்போம். எல்லாம் சார்ட்டில் எழுதக்கூடியவை, மருந்தை நிறுத்தினால் சரியாகக்கூடியவை. சார்ட்டில் எழுத இடமில்லாத ஒன்றைப் பற்றி அப்போது யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல பெற்றோர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு போடும் ஸ்டீராய்டு வேறு கதை. பிறப்பதற்கு முன்னால் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு வேறு கதை. இரண்டாவது கதை நியூசிலாந்தில், செம்மறியாடுகளில் தொடங்குகிறது. ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற பிரசவ மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று தேடிக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தினால் ஆடு முன்கூட்டியே ஈனுவதைக் கண்டார். அவர் தேடியது அதைத்தான். ஆனால் உயிரோடு இருக்கவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலில் காற்று நுழைந்திருந்தது. தேடாத அந்த ஒன்றை அவர் விட்டுவிடவில்லை. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்தார். 282 தாய்மார்களின் முடிவுகள் 1972இல் வந்தன. மருந்து பெறாதவர்களின் குழந்தைகளில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்தவை நூற்றுக்கு 15. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 3 சொச்சம். மூச்சுத்திணறல் நோயும் கிட்டத்தட்ட 26 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தது.

1972இல் இது அச்சில் வந்துவிட்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதைப் பரவலாகப் பயன்படுத்துங்கள் என்று வல்லுநர்களைக் கூட்டிச் சொன்னது 1994இல். இடையில் 22 வருஷம். அந்த வருஷங்களில் பல நாடுகளில் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொன்றும் சிறியது, தனித்தனியாகப் பார்த்தால் உறுதியில்லாதது, சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இல்லாதது. இப்படிச் சோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட கோக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகள், கீழே ஒரு சின்ன வைரம். அந்தக் கோடுகள் இந்த ஊசியைப் பற்றிய ஏழு சோதனைகளின் முடிவுகள். அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அந்த ஊசி இருந்தும் கிடைக்காமல் போன குழந்தைகளை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். ஆற்காட்டுப் பெண்ணுக்கு வலி தொடங்கிய இடத்தில் யாராவது ஓர் ஊசி போட்டு அனுப்பியிருந்தால், அவள் மகனுக்கு அந்த மூன்றாவது வாரம் தேவைப்பட்டிருக்காமலே போயிருக்கலாம்.

அவன் வீட்டுக்குப் போனான். நான் கொஞ்ச காலத்தில் ஃபாலோ-அப் ஓ.பி.க்கு மாற்றப்பட்டேன். யாரும் விரும்பிப் போகாத இடம் அது. மெஷின் இல்லை, அவசரம் இல்லை. ஒரு மேஜை, தலைச் சுற்றளவு எடுக்க ஒரு டேப், கிலுகிலுப்பை, சிவப்புக் கம்பளிப் பந்து, மரக்கட்டைகள். டிஸ்சார்ஜ் ஆன குறைமாதக் குழந்தைகளை வரவழைத்து, கழுத்து நிற்கிறதா, உட்காருகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வரவழைப்பதுதான் பெரிய வேலை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் வர மாட்டார்கள். நன்றாக இல்லை என்று தெரிந்தவர்களில் பலர் வெட்கப்பட்டு வர மாட்டார்கள். அன்று கைப்பேசி ஏது? அஞ்சலட்டை எழுதுவேன். விலாசத்தில் ஆள் இல்லை என்று பாதி திரும்பி வரும். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் தாய்வீட்டு விலாசம் கொடுத்திருப்பாள், பிறகு புருஷன் ஊருக்குப் போயிருப்பாள். அதன்பின் இரண்டு விலாசமும் கேட்டு வாங்கி நோட்டில் எழுதத் தொடங்கினேன். தெருவில் உள்ள மளிகைக்கடையின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்வேன்.

ஆற்காட்டுப் பாட்டி அஞ்சலட்டை கிடைத்தால் தவறாமல் வருவார். இரண்டு வயதில் அவன் நடக்கவில்லை. பிடித்து நிற்கவைத்தால் கால் இரண்டும் கத்தரிபோட்டுக்கொண்டு, நுனிக்காலில் நின்றான். டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்தார். இறுக்கம். பெருமூளை வாதம். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அம்மா ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். பாட்டிதான் வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "அந்த மூச்சு மெஷின்ல இருக்கசொல்ல ஊசி போட்டீங்களே, அதனாலயா சிஸ்டரு?"

அவருக்கு எப்படி அந்த எண்ணம் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் காதில் விழுந்த பேச்சு எதுவோ. நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடியவர் அன்று யாரும் இல்லை. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், தொற்று இருந்திருக்கலாம். ஒரு குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டு, இதனால்தான் இது என்று ஆண்டவனால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி, ஒரே மாதிரியான குழந்தைகளில் குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமலே வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது. அதைச் செய்தவர்கள் தைவானில் இருந்தார்கள்.

2004இல் ஒரு மதியம், பெரிய டாக்டர் எங்களையும் சேர்த்து உட்காரவைத்து அந்தக் கட்டுரையைப் படித்துச் சொன்னார். நர்ஸுகளையும் கூப்பிட்டது அவருடைய நல்ல குணம். யே என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 262 குழந்தைகளைச் சேர்த்து முன்பு ஒரு சோதனை நடத்தியிருந்தார்கள். பிறந்த 12 மணி நேரத்துக்குள் டெக்ஸா தொடங்கி, முதல் வாரம் முழு அளவு, பிறகு குறைத்து 28 நாள். நுரையீரலுக்கு நன்மை தெரிந்தது. இரண்டு வயதில் பார்த்தபோதே மருந்து பெற்ற குழந்தைகளிடம் கைகால் அசைவுக் குறைபாடு அதிகம் இருந்ததை 1998இல் எழுதிவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பள்ளிக்கூட வயது வரை உயிரோடு இருந்த 159 பேரில் 146 பேரைத் தேடிப் பிடித்தார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் அறையில் வேறு யாருக்கு என்ன தோன்றியதோ, எனக்கு என் அஞ்சலட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. 159இல் 146! எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சராசரியாக எட்டு வயது. மருந்து பெற்றவர்கள் உயரம் குறைந்திருந்தார்கள். தலைச் சுற்றளவு சிறியதாக இருந்தது. கைகால் ஒருங்கிணைப்பு குறைவு. அறிவுத்திறன் மதிப்பெண் சராசரி 78, மற்றவர்களுக்கு 84. குறிப்பிடத்தக்க ஊனம் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு, பெறாதவர்களில் 22 பேருக்கு. மருந்து நுரையீரலின் வீக்கத்தை அடக்கிய அதே நாட்களில், வேகமாக வளர்ந்துகொண்டிருந்த மூளையின் வளர்ச்சியையும் அடக்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் நின்ற எங்களுக்கு முதலாவது இரண்டே நாளில் தெரிந்தது. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள எட்டு வருஷம் பிடித்தது. ஆற்காட்டுப் பையனுக்கும் அப்போது எட்டு வயதுதான்.

படித்து முடித்ததும் டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். தைவானில் பிறந்த அன்றே கொடுத்தார்கள். நம் வார்டில் மூன்றாவது வாரத்தில், மெஷினை விட்டு வரவே முடியாத குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தோம். இரண்டும் ஒன்று இல்லை. அதனால் இதில் உள்ள எண்களை அப்படியே நம் பிள்ளைகள்மேல் ஒட்டவும் கூடாது, நமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கவும் கூடாது என்றார்.

அதற்கு முன்பே, 2002இல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கனடா நாட்டுச் சங்கமும் சேர்ந்து, டெக்ஸாவை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டன. நாங்களும் அநேகமாக நிறுத்திவிட்டோம். ஆனால் மருந்தை நிறுத்தினால் நோய் நின்றுவிடுமா? மெஷினிலேயே மாதக்கணக்கில் கிடந்து இறந்த குழந்தைகளையும் பார்த்தேன். நீண்ட நாள் மெஷினில் இருப்பதும் மூளைக்குக் கேடுதான். இந்த இடத்தில் எனக்கு வெளிச்சம் தந்தது ஆஸ்திரேலியாவின் லெக்ஸ் டாயிலும் அவருடன் இருந்தவர்களும் 2005இல் எழுதியது. பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பி.பி.டி. வரும் ஆபத்து 35 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் மரணமோ பெருமூளை வாதமோ கூடுகிறது. ஆபத்து 65 விழுக்காட்டுக்கு மேலே இருந்தால் குறைகிறது. லேசாக நோயுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும் அதே மருந்து, சாவின் விளிம்பில் இருக்கும் குழந்தையைக் காக்கவும் கூடும். அடுத்த வருஷம் அவர்களே குறைந்த அளவை வைத்து ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பத்து நாளுக்கும் சேர்த்துக் கிலோவுக்கு 0.89 மில்லிகிராம்தான். நாங்கள் பழைய கணக்கில் இரண்டே நாளில் கொடுத்த அளவைவிடக் குறைவு. அதிலும் குழந்தைகள் மெஷினை விட்டு வந்தார்கள். ஆனால் எதிர்பார்த்த 814 குழந்தைகளுக்குப் பதில் 70 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். மருத்துவ உலகம் அவ்வளவு பயந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் டெக்ஸா எழுதும் நாளில் ஒரு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போடுவார்கள். டாக்டர் அம்மா அப்பா இருவரையும் உட்காரவைத்து, கொடுத்தால் என்ன ஆகலாம், கொடுக்காவிட்டால் என்ன ஆகலாம் என்று சொல்வார். சில பெற்றோர்கள் "நீங்களே முடிவு பண்ணுங்க டாக்டர்" என்று கைகூப்பிவிடுவார்கள். சிலர் இரவு முழுக்க யோசிக்க நேரம் கேட்பார்கள். ஒரு அப்பா, "உயிரோட இருந்தா போதும்னு நான் சொல்லிடுவேன் சிஸ்டர். ஆனா பின்னால அவன் என்னைக் கேட்டா?" என்றார். கடினமான பேச்சுதான். ஆனாலும் அந்த நாற்காலியை இழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது, ஆற்காட்டுப் பாட்டியின் கேள்விக்கு உரிய மரியாதை கடைசியில் கிடைத்துவிட்டது என்று எனக்கு இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு கிராம சுகாதார செவிலியர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்குக் கூப்பிட்டால் போகிறேன். அங்கே பேசுவது அந்தப் பழைய ஆக்லாந்து ஊசியைப் பற்றித்தான். நம் நாட்டில் தாய்க்கும் டெக்ஸாதான் போடுகிறோம். 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, நான்கு முறை. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தோன்றினால் முதல் ஊசியைச் செவிலியரே போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று 2014இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. கூடவே 2015இல் வந்த எச்சரிக்கையையும் மறைக்காமல் சொல்வேன். இந்தியா உட்பட ஆறு நாடுகளில், வசதி குறைந்த இடங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்தபோது சிசு மரணம் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. மாதக் கணக்கு சரியாகத் தெரியாமல், நிறைமாதத் தாய்மார்கள் பலருக்கும் ஊசி போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட சோதனை அதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் 2,852 தாய்மார்கள். ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதிசெய்து, குழந்தைக்கு நல்ல வார்டும் இருந்த இடங்களில், பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்தன.

போன முறை வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் செவிலியர் எழுந்து, "மேடம், நாலு ஊசியும் முடியாது, வழியிலேயே பிரசவம் ஆயிடும்னு தெரிஞ்சாலும் முதல் ஊசியைப் போடணுமா?" என்று கேட்டார். போட வேண்டும் என்றேன். முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வாரத்தைப் பாருங்கள், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு போடுங்கள். போட்ட மணியைப் பரிந்துரைச் சீட்டில் பெரிதாக எழுதுங்கள், அப்போதுதான் அங்கே இருக்கும் சிஸ்டருக்கு அடுத்த ஊசியை எப்போது போடுவது என்று தெரியும் என்றேன். அவர் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, சீட்டில் தாய்வீட்டு விலாசம், புருஷன் வீட்டு விலாசம் இரண்டையும் எழுதச் சொல்கிறீர்களே, அது எதற்கு என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் அன்றைய வகுப்பில் எனக்கு அதிக நேரம் ஆனது.